வரம்பு பாய்ந்த வருடம்

ஸ்கந்தபுரத்துப் பக்கம் இருந்த எங்கள் சின்னக் கல்லூரியில் பெண்பிள்ளைகள் றக்பி விளையாடப் போகிறோம் என்றதும் ஊரே சிரித்தது. முட்டை வடிவப் பந்து ஒன்று இருந்தது, மைதானம்தான் இல்லை. அரிவு வெட்டி முடிந்த எங்கள் வயலை அப்பா தந்தார்.

"குளத்துத் தண்ணி திறக்கும் மட்டும்தான். பிறகு உழுதுபோடுவன், சொல்லிப்போட்டன்."

அந்த வயலின் வரம்புதான் எங்களுக்கு எல்லைக்கோடு. பந்தோடு ஓடிப்போய், வரம்பைப் பாய்ந்து, அந்தப் பக்கத்து நிலத்தில் பந்தை அழுத்தினால் புள்ளி. நெல் அடிக்கட்டைகள் காலைக் கிழிக்கும். இப்போது நினைத்தால் அந்த எரிச்சல்கூட இனிக்கிறது.

முதல் போட்டியிலேயே வில்லங்கம் வந்தது. போட்டி மைதானத்தில் எல்லை என்பது சமதரையில் போட்ட வெறும் சுண்ணாம்புக் கோடு. அதைக் கண்டதும் நான் வழக்கம்போல ஒரு பாய்ச்சல் பாய்ந்தேன். பந்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எப்படியோ வென்றோம்.

"வரம்பில்லாத இடத்தில என்னத்துக்கடி பாயிறாய்? இன்னொருக்கால் பாய்ஞ்சால் வெளியில இருத்திப்போடுவன்" என்று எங்களைப் பழக்கிய ரீச்சர் ஏசினார்.

அடுத்தடுத்து வென்று, கிளிநொச்சியில் இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டோம். எங்கள் கல்லூரி அதுவரை ஒரு கோப்பையையும் கண்டதில்லை. ஆட்டம் முடியப் போகிறது, இரண்டு பக்கமும் சமம், பந்து என் கையில். பாயாதே, பாயாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். கால் கேட்டால்தானே! கோட்டைக் கண்டதும் பாய்ந்துவிட்டது. பின்னால் துரத்தி வந்து என் காலைப் பிடிக்க விழுந்தவளுக்கு வெறும் காற்றுத்தான் அகப்பட்டது. பந்தை அணைத்தபடி கோட்டுக்கு அப்பால் விழுந்தேன்.

ரீச்சர் ஓடிவந்தார்.

"பாய்ஞ்சிட்டன், ரீச்சர்" என்றேன் பயத்தோடு.

"ஓமடி, கண்டனான்" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

பின்னேரம் கோப்பையோடு வீட்டுக்கு வந்தால், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. வயலை உழுது முடித்திருந்தார்கள். நாங்கள் விழுந்து எழும்பிய இடமெல்லாம் சேறு. அப்பா மண்வெட்டியோடு நின்றார்.

"வெண்டிட்டியளோ?"

கோப்பையைத் தூக்கிக் காட்டினேன். அவர் வயலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க, ஒருக்கால் பாய்ஞ்சு காட்டு பாப்பம்."

கோப்பையை அணைத்துக்கொண்டு வரம்பைப் பாய்ந்தேன். முழங்கால்வரை புதைந்தது. அப்பா கை தட்டினார். அந்த வயலில் நான் எடுத்த கடைசிப் புள்ளி அதுதான்.