டிராகனுக்குக் கறுப்பு இறக்கை

ஐம்பது வயதிலும் இளையோர் நாவல்களை விடாமல் படிக்கிற நூலகர் நான். எங்கள் ஆம்பூர் நூலகத்தில் பள்ளி மாணவிகள், ஷூ கம்பெனியில் மிஞ்சிய தோல் துண்டுகளைக் கொண்டு, தங்களுக்குப் பிடித்த நாவலில் வரும் டிராகனைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாவலின் கடைசிப் பாகத்தை நான் அன்று காலையில்தான் முடித்தேன். டிராகன் செத்துப்போகிறது. பிள்ளைகள் தாங்குவார்களா? புத்தகத்தை இழுப்பறையில் ஒளித்துவைத்தேன்.

“கடைசி பாகம் எங்க சார்? வால் எப்டின்னு படம் பாத்து தைக்கணும்.”

“பைண்டிங் போயிருக்கும்மா.”

“புது புக்குக்கு இன்னா சார் பைண்டிங்? நாங்க போன வாரமே படிச்சிட்டோம். அது செத்துப்போச்சுன்னுதான் றெக்கைய கறுப்புல தைக்கிறோம்.”

மூக்கை உறிஞ்சியது நான் மட்டும்தான்.

“அழாதீங்க சார், உங்களுக்கும் ஒண்ணு தச்சுத் தர்றோம்.”

இப்போது நூலகச் சாவி அந்த டிராகனின் வாலில்தான் தொங்குகிறது.