இன்னைக்கு யாரு முறை?

என் கணவருக்கு முதல் வலிப்பு வந்தது ஏரி நடுவில், படகில். கூட இருந்த கொழுந்தன் அவர் கையில் நங்கூரத்தைத் திணித்தான். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது எங்கள் குப்பத்து நம்பிக்கை. நிற்கவில்லை. கடலோடு சேரும் முகத்துவாரம் மணலில் அடைபட்டு ஏரி வற்றியிருந்த சமயம். சேற்றில் படகைத் தள்ளிக் கரை சேர்வதற்குள் அவர் உதடு நீலமாகிவிட்டது. நீங்கள் இரும்பைத் தேடாதீர்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு வண்டியைத் தேடுங்கள். எங்களுக்கு ஊருக்குள் இருக்கும் பழைய டச்சுக்காரர் கல்லறை அருகேதான் ஒரு வேன் கிடைத்தது.

"தொடர் வலிப்பு" (இடைவிடாமல் நீடிக்கும் வலிப்பு) என்றார் சென்னை டாக்டர். மூளைக்கு ஆக்சிஜனும் குறைந்ததில் ஹிப்போகேம்பஸ் (புதியவற்றை நினைவில் பதிக்கும் பகுதி) அடிபட்டிருந்தது.

"பழசு இருக்கும்மா, கைவேலையும் மறக்காது. புதுசா நடக்கிறதுதான் தங்காது."

"எப்ப சார் சரியாவும்?"

"முழுசா ஆகும்னு சொல்ல முடியாது."

யாரைத் திட்டுவது?

வீட்டுக்கு வந்ததும் வலையை எடுத்துக் கிழிசல் தைத்தார். ஒரு முடிச்சு தப்பவில்லை. போன உயிர் திரும்பியது எனக்கு. ஆனால் ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் போய், அடுத்தவர் பாட்டில் வலை கட்டிவிட்டார். பாடு என்றால் ஏரியில் வலை கட்டும் இடம். குடும்பங்களுக்கு முறை மாறி மாறி வரும்; மற்ற நாளில் பாட்டுக்கு வெளியேதான் வலை போடலாம். முறை தப்புவதைவிடப் பெரிய அவமானம் எங்களுக்கு இல்லை.

ஊர்க்கூட்டத்தில் கொழுந்தனே எழுந்தான். "அண்ணனுக்கு எதுவும் நெனப்புல நிக்கல. அவரு முறைய எனக்குக் குடுத்துடுங்க."

"கை நல்லாத்தானே கீது? நான் கூடப் போறேன். யாரு முறைன்னு நான் சொல்றேன், வலைய அவரு கட்டட்டும்" என்றேன்.

"பொம்பள பாட்டுக்கு வர்றதா? இன்னாமா பேசுற?" என்றார் தலைவர்.

"முறை போச்சுன்னா அந்த ஆளு செத்துடுவாருங்க."

இந்தப் பருவம் மட்டும் நான் கூடப் போகட்டும், முடிந்ததும் பார்க்கலாம் என்றார்கள்.

படகில் ஏறியதும் கேட்பார், "இன்னைக்கு யாரு முறை?" சொல்வேன். துடுப்பை நாலு போடு போட்டதும் மறுபடி கேட்பார். முதலில் கத்தினேன், அவர் முகம் சுருங்கிப்போனது. கத்துவதை விட்டேன். மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. எங்கள் முறை நாளில் படகு முனையில் சிவப்புத் துணி கட்டினேன். பல மாதம் கழித்து, ஏறியதும் அவர் கண் தானாக அந்தத் துணிக்குப் போனது. பருவம் முடிந்தும் முறை அவர் பேரிலேயே நின்றது.

இரவில் வலிப்புக்கு அறிகுறியாக அவர் கட்டைவிரல் துடித்தால் என் உடம்பு முதலில் விழித்துக்கொள்கிறது. அவரைப்போல எனக்கும் நேற்று, நாளை என்ற கணக்கு குறைந்துவிட்டது.

துணியைப் பார்த்த பிறகும் அவர் கேட்கிறார். "நம்ம முறைதான்யா" என்கிறேன். அப்போதுதான் முதல்முறை கேட்பவர்போல் சிரிக்கிறார். கரை திரும்புவதற்குள் அந்தச் சிரிப்பு எனக்குப் பல தடவை கிடைக்கிறது.