சோளகத்தில் விட்ட சிகரெட்

பகல் முழுவதும் சிகரெட் இல்லாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு நோன்பு மாதமும் இருந்திருக்கிறேன். விடியமுன் சஹருக்கு எழும்பிச் சாப்பிட்டு நிய்யத்து வைத்துவிட்டால் பொழுதுபட மஃரிப் பாங்கு கேட்கும்வரை அந்த நினைப்பே வராது. மன்னார் பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்ட இருக்கும் என் சின்னத் தேத்தண்ணிக் கடையில், சிகரெட் பெட்டிகளுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன், அப்போதும் வராது. பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், இரண்டு மிடறு தண்ணீர், அரைக் கோப்பை கஞ்சி. மீதிக் கஞ்சி மேசையில் ஆறிக்கொண்டிருக்க, நான் பின்வளவில் புகை விட்டுக்கொண்டு நிற்பேன்.

“அல்லாவுக்காகப் பகல் முழுக்க விடுறீங்க. கஞ்சி குடிச்சு முடியுமட்டும் பொறுக்க ஏலாதா?” என்று என் மனைவி வருடா வருடம் கேட்பாள். நான் அவள்மேல் எரிந்து விழுவேன்.

இந்த வருட நோன்பில் பள்ளிவாசலில் இரவுத் தறாவீஹ் தொழுதுகொண்டிருக்கும்போது இருமல் பிடித்தது. அடக்க அடக்க நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஸலாம் கொடுத்து முடிந்ததும் என் பக்கத்தில் நின்றவர் மெல்ல எழும்பி வேறு வரிசைக்குப் போனார். சின்ன வயதிலிருந்து என்னோடு திரிந்தவர் அவர். நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

மறு கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளம் டொக்டர் ஒருவர் ஒரு குழாயைக் கையில் தந்து பலமாக ஊதச் சொன்னார். ஊதினேன். அதிலிருந்த முள் கொஞ்சம் அசைந்துவிட்டு நின்றது.

“இன்னும் பலமா ஊதுங்கோ ஐயா.”

“இவ்வளவுதான் டொக்டர், ஊதியாச்சு.”

அவர் ஏசவில்லை. “சிகரெட்டை விடுங்கோ. விட்டால்தான் மருந்து வேலை செய்யும்” என்று மட்டும் சொன்னார். அன்று நோன்பு திறந்த பிறகு நான் பின்வளவுக்குப் போகவில்லை.

பகலைப் பற்றிய கவலை இருக்கவில்லை. பாங்குக்குப் பிறகுதான் உயிர் போனது. வாயில் கராம்பைப் போட்டு நாக்கு விறைக்கும்வரை மென்றேன். கஞ்சியில் உப்புக் கூட என்று சத்தம் போட்டேன்; உப்பு சரியாகத்தான் இருந்தது. மகள் தொலைபேசியில் கூப்பிட்டபோது, “வாப்பா ஏன் சண்டைக்கு வாறமாதிரிக் கதைக்கிறார்?” என்று தாயிடம் கேட்டிருக்கிறாள். ஆனாலும் நோன்பு முடியும்வரை தாக்குப்பிடித்தேன். இனி என்ன, முடிந்தது என்று நினைத்தேன்.

பெருநாளன்று புத்தளத்திலிருந்து மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்தான். பகல் புரியாணி சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தோம். அவன் பெட்டியைத் திறந்து என் பக்கம் நீட்டினான்.

“நான் விட்டிட்டன் மச்சான்.”

“நோன்பு முடிஞ்சுது தானே? பெருநாளைக்கு ஒண்டு. ஒண்டுல என்ன வந்திரப் போகுது?”

எடுத்தேன். கட்டாயப்படுத்தினான் என்று சொல்ல ஏலாது. அவன் சொல்லி முடிப்பதற்குள் என் கை போய்விட்டது. தலை சுற்றியது, இருமினேன், பாதியில் அணைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே முழுவதையும் இழுத்து முடித்தேன். உள்ளேயிருந்து பார்த்த மனைவி ஜன்னல் சீலையை இழுத்துவிட்டாள். மறுநாள் கடையில் என்னுடைய பெட்டியிலேயே கை வைத்தேன். ஒரு கிழமைக்குள் பழையபடி ஆகிவிட்டது. இருமல் முன்னரைவிடக் கூட. நோன்பில் பட்ட பாடெல்லாம் எதற்கு என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

சோளகக் காற்றுத் தொடங்கியபோது மறுபடி விட்டேன். அதைவிட மோசமான காலத்தை நான் தெரிந்தெடுத்திருக்க முடியாது. சோளகத்தில் எங்கள் பக்கம் வெளியே நின்று நெருப்புக்குச்சி உரசினால் எரியாது. மணல் கண்ணில் அடிக்கும். கழுதைகள்கூடச் சுவரோரமாகத்தான் நிற்கும். ஆகவே சிகரெட் வாங்குகிறவர்கள் எல்லாரும் கடைக்குள் வந்து, என் மேசைக்கு முன்னால் குனிந்து, கையைப் பொத்திப் பற்றவைத்தார்கள். முதல் புகை நேரே என் முகத்துக்கு வரும். நான் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உண்மையில் பிடித்தேனா, இழுத்தேனா என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் பொறுக்கவில்லை. பள்ளிமுனையிலிருந்து மீன் ஏற்றிப் போகும் லொறிக்காரர் ஒருவர் வழமைபோல உள்ளே வந்து பற்றவைத்தார். நல்ல மனிதர், கிறிஸ்தவர், நத்தாருக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் அனுப்புகிறவர்.

“இனிக் கடைக்குள்ள பத்தாதீங்கோ” என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரத்துப் போயிற்று.

“என்ன நானா, சுகமில்லையோ?” அண்ணன் முறையில் என்னை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நான் விட்டுக்கொண்டிருக்கிறன். இந்த மணம் எனக்குக் கூடாது.”

அவர் சிகரெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இத இப்பத்தானே உங்களிட்ட வாங்கினனான். விக்கிற நீங்களே பத்தாதீங்கோ எண்டா எப்பிடி நானா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெட்டிகளை எல்லாம் எடுத்து ஒரு பையில் போட்டு, அன்றைக்கே சாமான் கொண்டுவருகிறவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மனைவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் சட்டியை அடுப்பால் இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நான் உங்களத்தான் விடச் சொன்னனான். கடையில விக்கிறத விடச் சொன்னனா? சிகரெட்டுக்கு வாற ஆக்கள்தானே தேத்தண்ணியும் குடிக்கிறது?”

“அப்ப நான் என்னதான் செய்ய?” என்று கத்தினேன். அவளும் கத்தினாள். அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

அவள் சொன்னதுதான் நடந்தது. ஆட்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். அங்கே சிரிப்பும் புகையுமாக இருக்க, நான் கொதித்துக் கொதித்து வற்றும் தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். லொறிக்காரர் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. வேறெங்கோ வாங்கிய சிகரெட்டோடு வந்து, என்னிடம் தேத்தண்ணி வாங்கி, லொறியின் மறைவில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று புகைப்பார்.

ஒரு பின்னேரம், கடையில் ஒருவரும் இல்லாத நேரம், நான் எழும்பி அவரிடம் போனேன்.

“ஒண்டு தாங்கோ.”

‘வேண்டாம் நானா’ என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவரோ பெட்டியை நீட்டி, கையைப் பொத்தி, நெருப்பும் பிடித்தார். காற்று இரண்டு தரம் அணைத்தது. மூன்றாம் குச்சியை அவர் எடுக்க, எனக்கு அவர்மேல் சொல்லமுடியாத கோபம் வந்தது. ஏன் அவர்மேல்? கேட்டது நான். சிகரெட்டை அப்படியே அவர் சட்டைப் பையில் திருப்பிச் செருகிவிட்டுக் கடைக்கு நடந்தேன்.

“என்ன நானா, வேணாமோ?” என்று அவர் பின்னாலிருந்து கேட்டார்.

“வேணும்” என்றேன். “அதுதான் பிரச்சினை.”

அதற்குப் பிறகு இன்றுவரை சிகரெட் பற்றவைக்கவில்லை. கடையில் இப்போது ரொட்டியும் சம்பலும் போடுகிறோம். மனைவி வீட்டிலிருந்து சுட்டு அனுப்புகிறாள். போனவர்களில் பாதிப்பேர் அதற்காகத் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வரவில்லை. புகை நாற்றம் அடித்தால் எனக்கு இன்னும் வாய் ஊறுகிறது, பிறகு எரிச்சல் வருகிறது, யாராவது மிச்சக்காசு கேட்டால் கடித்துக் குதறிவிடுகிறேன். “விட்டிட்டீங்களா நானா?” என்று கேட்கிறவர்களுக்கு, “இண்டைக்கு இன்னும் பத்தேல்ல” என்று சொல்கிறேன். வேறு ஒன்றும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.