சினையில்லாத தார்ப்பாய்

அரசு அலுவலகத்தில் யாரும் வெறுந்தாளில் எதையும் எழுதத் தொடங்குவதில்லை. பழைய கோப்பு ஒன்றை எடுப்போம், தூசி தட்டுவோம், பெயரையும் தேதியையும் மாற்றுவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கல்யாணப் பத்திரிகையை யாராவது புதிதாக யோசித்தா எழுதுகிறார்கள்?

தஞ்சாவூரில் நான் வேலை பார்ப்பது எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு மெமோ வரும். நெல் கொள்முதல் நிலையங்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கிற பிரிவில் நான் உதவியாளர், அது போதும். அந்த வருஷம் என் தலையில் விழுந்தது தார்ப்பாய், ஊர்ப் பேச்சில் படுதா. எடை போடுவதற்காக நிலையத்து வாசலில் காத்துக் கிடக்கிற விவசாயிகளின் நெல் குவியல்களை மழைக்கு மூடுவதற்கு. விற்க விரும்பும் வியாபாரிகள் விலையும் விவரமும் அனுப்பலாம், எங்கள் நிபந்தனைகள் இவை என்று சொல்கிற டெண்டர் ஆவணத்தை நான் தயாரிக்க வேண்டும்.

சாதாரண வேலைதான். ஆனால் எனக்கு அது சாதாரணமாக இல்லை. காரணம் என் மாமியார்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மாமனார் போன பிறகு மாமியார் ஒத்தை ஆளாக நின்று குறுவைப் போக நெல் போடுகிறார். என் வீட்டுக்காரர் துபாயில் இருந்துகொண்டு வீடியோ காலில் வயலைப் பார்த்து "பச்சையா இருக்கும்மா" என்று சொல்வார். அவருடைய விவசாயம் அவ்வளவுதான். முந்தின வருஷம் கொள்முதல் நிலையத்து வாசலில் மாமியாரின் நெல் நாள்கணக்கில் கிடந்தது. மழை பிடித்தது. அங்கே இருந்த தார்ப்பாய்களில் ஊர்ப்பட்ட ஓட்டை. குவியல் முளைத்துவிட்டது. மாமியார் அதில் ஒரு கைப்பிடியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தா, உங்க ஆபீசு வெளைய வச்ச நாத்து."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சில நாள் கழித்து, "இன்னொரு தடவை நனைஞ்சா நெலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு ஒக்காந்துடுவேன். எனக்கு இனிமே தெம்பு இல்லை" என்றார். அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அதனால் தார்ப்பாய் கோப்பு என் மேசைக்கு வந்த அன்றே முடிவு செய்தேன்: குறுவை அறுப்புக்கு முன்னால் படுதா வந்து இறங்கியாக வேண்டும், எவன் குறுக்கே வந்தாலும் சரி.

குறுக்கே வந்தவர் எங்கள் கண்காணிப்பாளர்.

நல்ல மனிதர். சட்டைப் பையில் எப்போதும் திருநீற்றுப் பொட்டலம், கையில் எப்போதும் பச்சை மை பேனா. ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், தணிக்கை. ஓட்டைத் தார்ப்பாயை வாங்கின கோப்பில் கையெழுத்துப் போட்டிருந்தவர் ஓய்வு பெற்ற பிறகும், தணிக்கைக் கேள்வி தீரவில்லை என்று பென்ஷனுக்காக எங்கள் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் குடிப்பார்.

"பழைய தார்ப்பாய் கோப்பைத் தொடாதீங்கம்மா. அது பாவப்பட்ட கோப்பு" என்றார். "தணிக்கையில ஒரு கேள்வி கூட வராத கோப்பு இந்தக் கட்டடத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதை மாதிரியா வச்சுக்குங்க."

ஆசையாக எடுத்துப் பிரித்தேன். கறவை மாடு வாங்கின கோப்பு.

"சார், இது மாடு சார்."

"மாடா இருந்தா என்னம்மா? ஒரு கேள்வி வரலையே."

சரி, பொறுப்பு, கால அவகாசம், அபராதம் எல்லாம் எதற்கும் பொதுதானே என்று உட்கார்ந்து, மாடு என்று வந்த இடத்திலெல்லாம் தார்ப்பாய் என்று போட்டு, மாட்டுக்கு மட்டுமே பொருந்துகிற நிபந்தனைகளை அடித்துவிட்டுக் கொடுத்தேன். கோப்பு திரும்பி வந்தது. நான் அடித்த ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பச்சை மையில், "ஏன் நீக்கப்பட்டது? காரணம் குறிப்பிடுக." கடைசியில் பெரிதாக, "பேசவும்."

பேசவும் என்று ஓர் அதிகாரி எழுதிவிட்டால் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நேரில் போக வேண்டும். போனேன்.

"தார்ப்பாய் காலையும் மாலையும் கறந்து காட்டப்பட வேண்டும்ங்கிறதை நீக்கியிருக்கேன் சார். தார்ப்பாய் பால் கறக்காது."

யோசித்தார். "சரி. அது கண்ணால பார்த்தாலே தெரியும். நீக்கிடுங்க."

"தடுப்பூசி போட்டிருக்கணும்ங்கிறதையும் நீக்கியிருக்கேன். ஊசி போட்டா ஓட்டை விழும், ஒழுகும்."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "இது காரணம்! இப்படி எழுதணும். சபாஷ்."

அந்தத் தைரியத்தில் அடுத்ததற்குப் போனேன். "சினையா இல்லைன்னு கால்நடை மருத்துவர்கிட்ட சான்று வாங்கணும்ங்கிறது..."

"அதை ஏம்மா எடுத்தீங்க?"

"தார்ப்பாய் சினையாகாது சார்."

"ஆகாதுதான். எனக்குத் தெரியாதா? ஆனா ஆதாரம்? எழுதி வச்சா ஆதாரம் கேப்பாங்களே. பாலுங்கிறது வெளி விஷயம். சினை உள் விஷயம்மா."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கோப்பை அவர் தலையிலேயே போட்டுவிட்டு இறங்கிப் போய்விடலாமா என்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆடி மாசக் காற்று. வயலில் குறுவை பூட்டை விட்டுக் கதிர் தள்ள ஆரம்பித்திருக்கும். இன்னும் ஒரு சுற்று வாதாடினால் இன்னொரு "பேசவும்", அதற்குப் பிறகு இன்னொன்று. தொலையட்டும் என்று சினையை அப்படியே விட்டேன். காதில் எண் போட்ட மஞ்சள் வில்லை மாட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர் விடவில்லை. கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதைப் பார்த்து அவருக்கு மேலே இருந்தவரும், அவருக்கும் மேலே இருந்தவரும் படிக்காமலே போட்டார்கள். டெண்டர் வெளியானது.

பிறகு வியாபாரிகளின் சந்தேகங்களைக் கண்காணிப்பாளரும் நானும் தீர்க்கிற கூட்டம். மூன்று பேர் வந்திருந்தார்கள். அன்று காலை நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று, "யாரும் சினையைப் பத்திக் கேக்கக் கூடாது" என்று வேண்டிக்கொண்டுதான் கிளம்பினேன். ஆவணத்தைத் திருத்தினால் மேலிடத்தில் மறுபடி ஒப்புதல், மறுபடி விளம்பரம், மறுபடி அவகாசம். அதற்குள் மழை வந்து போயிருக்கும்.

கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லாரும் 'பாய்' என்று கூப்பிடுகிறவர், முதலில் எழுந்தார். வலைக்கயிறும் தார்ப்பாயும் விற்கிற பழைய கடைக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தச் சினை சான்று, மேடம்..."

செத்தேன் என்று நினைத்தேன்.

"எந்த டாக்டர்ட்ட வாங்குறது? கால்நடை மருந்தகத்து டாக்டர் கையெழுத்தே செல்லுமா, இல்ல ஜில்லாவுல பெரிய டாக்டர்ட்ட போகணுமா?"

இரண்டாமவர் வலங்கைமான்காரர். அவசரமாகக் கையைத் தூக்கினார். "ஒவ்வொரு தார்ப்பாய்க்கும் தனித்தனியாங்களா? மொத்தத்துக்கும் ஒண்ணாங்களா?"

மூன்றாமவர் கும்பகோணத்து இளைஞர். அவருக்குக் காதுவில்லையில்தான் கவலை. "சார், காது கெடையாது. ஓரத்துல கயிறு கோக்க ஓட்டை இருக்கு. அதுல மாட்டிக்கலாங்களா?"

ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அரசாங்கத்துக்கு விற்றுப் பழகினவர்கள். ஏன் என்று கேட்டவனுக்கு ஆர்டர் கிடைக்காது, எப்படி என்று கேட்டவனுக்குத்தான் கிடைக்கும் என்பது அவர்களுக்கு ரத்தத்திலேயே ஊறியிருந்தது. கண்காணிப்பாளரும் குறையாத கம்பீரத்துடன் பதில் சொன்னார். மருந்தகத்து மருத்துவர் போதும். மாதிரிக்குக் கொடுக்கிற தார்ப்பாய்க்கு மட்டும் சான்று போதும். வில்லையைக் கயிற்று ஓட்டையில் மாட்டலாம். நான் அத்தனையையும் குறிப்பெடுத்தேன். சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது.

ஆனால் மறுவாரமே மூன்று பேரும் சேர்ந்தாற்போல் வந்து நின்றார்கள். போய்க் கேட்ட எந்த மருந்தகத்திலும் சான்று தரவில்லையாம். ஒரு டாக்டர் பாயைப் பார்த்து, "வெயில்ல வந்தீங்களா? கொஞ்சம் ஒக்காருங்க" என்று மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சான்று இல்லாவிட்டால் மூன்று பேருமே தள்ளுபடி.

வீட்டுக்கு வந்து பையை விசிறியடித்தேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன், ஒன்றுவிடாமல். பால், ஊசி, சினை, காது. ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு கீரைக்கட்டு மடியிலிருந்து உருளுகிற அளவுக்குச் சிரித்தார். முந்தின வருஷத்து மழைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"நம்ம பசுவைப் பாக்குற டாக்டர் தம்பி இருக்குல்ல, நாளைக்கு அங்க வரச் சொல்லு, மூணு பேரையும். படுதாவோட."

மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். மருந்தகத்து வாசலில் பசு, கன்று, ஆடு என்று வரிசை நின்றது. வரிசையின் நடுவில் ஆளுக்கொரு மடித்த தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று வியாபாரிகள். ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாள் பாயிடம், "இதுக்கு என்னங்க பண்ணுது?" என்று விசாரித்தார். "ஒண்ணும் பண்ணலைம்மா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு" என்றார் பாய்.

டாக்டர் இளைஞர். கையெழுத்துப் போட முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். "என்னம்மா இது, கேலிக்கூத்தா இருக்கு. வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க."

மாமியார் விடவில்லை. "தம்பி, இது சினையா இருக்கா?"

"இல்லை."

"சந்தேகம் ஏதும் உண்டா?"

"சந்தேகமே இல்லை."

"அப்ப உண்மையைத்தானே எழுதச் சொல்றோம்? பொய் எழுதச் சொன்னா நீங்க கோவிச்சுக்கலாம். போன வருஷம் என் நெல்லு எப்படிக் கெடந்துச்சுன்னு நீங்களே பாத்தீங்க. இவங்க ஆபீசுல பைத்தியம் புடிச்சுக் கெடக்குது. அது தெளியிற வரைக்கும் மழை காத்துக்கிட்டு நிக்குமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த ஆபீசின் பிரதிநிதியாக நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் கடமை தவறாதவர். பார்க்காமல் எழுத மாட்டேன் என்றார். மூன்று தார்ப்பாய்களையும் மாட்டைக் கட்டிப் பார்க்கிற கம்பிக் கூண்டின் மேல் விரித்தார்கள். வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், தடவினார், ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அடியில் கையை வைத்தார். வலங்கைமான்காரர் கொண்டுவந்தது ஒழுகியது. பாயினுடையதும் கும்பகோணத்தாருடையதும் ஒழுகவில்லை. எங்கள் ஆவணத்தில் எங்குமே இல்லாத சோதனை அது. வலங்கைமான்காரர் அங்கேயே முகம் சிவந்து, வேறு நல்ல சரக்கு கொண்டுவருகிறேன் என்று வண்டி ஏறினார்; கொண்டுவரவும் செய்தார். மூவருக்கும் சான்று கிடைத்தது. "பரிசோதித்தேன். சினை இல்லை. ஆரோக்கியமாக உள்ளது."

கோப்பில் அவற்றைப் பார்த்த கண்காணிப்பாளர் குழந்தை மாதிரி மகிழ்ந்தார். மூவரில் விலை குறைத்துப் போட்டிருந்த பாய்க்கு ஆர்டர் போனது. அறுப்பு மிஷின்கள் வயலில் இறங்கின அதே வாரம் லாரிகளும் வந்தன. ஒவ்வொரு தார்ப்பாயின் மூலையிலும் மஞ்சள் வில்லை தொங்கியது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மாமியாரின் நெல் நிலையத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே வானம் கறுத்தது. நான் ஆபீசில் இருந்தேன். மத்தியானம் தஞ்சாவூரில் எதிர்ச்சாரிக் கடை தெரியாத மழை. மேசையில் வேலை ஓடவில்லை. சான்றா மழையைத் தடுக்கும்? லாரியில் வந்த சரக்கும் மாதிரிக்குக் காட்டின சரக்கும் ஒன்றுதானா? ஃபோன் போடப் பயமாக இருந்தது.

மாமியாரே கூப்பிட்டார். எடுத்தால் பேச்சு கேட்கவில்லை, படபடவென்று சத்தம் மட்டும்.

"அத்தை? என்ன சத்தம்?"

"படுதா மேல மழை அடிக்குது" என்று கத்தினார். "அடியில கையை விட்டுப் பாத்தேன். காஞ்சு கெடக்கு புள்ள. பொலபொலன்னு உதிருது." மழையை மீறி இன்னொன்றும் கத்தினார். "அடுத்த போகம் தாளடிக்கு விதை நெல்லு சொல்லி வைக்கணும். சாயங்காலம் வர்றப்ப ஞாபகப்படுத்து."

ஃபோனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். பிரிவு முழுக்க எழுந்து ஓடி வந்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ என் கைப்பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். கண்காணிப்பாளர் என் தோளருகில் நின்று, "யாருக்கும்மா? யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல சார். நெல்லு நனையலை."

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக வராந்தாவுக்குப் போய், அவரவர் ஊருக்கு ஃபோன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள்.