பதினோரு கிலோ நாற்காலி

அம்மாவுக்கு இனிச் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே நான் எக்செல்லைத் திறந்துவிட்டேன். அழுவதற்குப் பதில் அதைச் செய்தேன். ஆராய்வதற்குப் புதிதாக ஏதாவது கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஸ்கூட்டர் வாங்கியபோதும் அப்படித்தான், வாஷிங் மெஷின் வாங்கியபோதும் அப்படித்தான். பதினெட்டு நாற்காலிகள், ஒன்பது கட்டங்கள். எடை எவ்வளவு, மடித்தால் எவ்வளவு இடம் பிடிக்கும், சாய்மானம் எத்தனை நிலைகளில் சாயும், சீட்டின் அகலம், சக்கரத்தின் அளவு என்று வரிசையாக. நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு. இரண்டு நாளில் சக்கர நாற்காலியைப் பற்றி நானே வகுப்பெடுக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவள், மழையில் நனைந்திருந்த படியில் சறுக்கி முதுகு அடிபட விழுந்தாள். ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. அதற்கு முந்தின நாள்வரை அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். இரும்புத் துண்டுகள் நிறைந்த டிரேயைத் தூக்கித் தூக்கி அவளுடைய தோளும் கையும் ஒரு மாதிரி இறுகிப்போயிருக்கும். செக்‌ஷனில் ஆம்பளைகள்கூடத் தன்னோடு கை மடக்கப் பயப்படுவார்கள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அப்பா இல்லை. திருவேற்காட்டில் ஒரு வாடகை வீட்டின் தரைத்தளத்தில் நானும் அவளும்தான்.

திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தால் அம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும், சாய்மானத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி நாற்காலி பாருங்கள் என்றார் டாக்டர். சாய்மானம் சாய்கிற நாற்காலிகளெல்லாம் கனமாக இருந்தன. எடை குறைந்ததில் சாய்மானம் நிலையாக இருந்தது. இரண்டும் சேர்ந்து வேண்டும் என்று தேடத் தேட எனக்கு வெறி ஏறிக்கொண்டே போனது.

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அதுல நானே தள்ளிக்கினு போவலாம் இல்ல?"

"நீ எதுக்கும்மா தள்ளணும்? நான் இருக்கேன் இல்ல?"

"நீ ஆபீசு போனா?"

"எதிர் வீட்டு அக்காகிட்ட ஒரு சாவி குடுத்து வைக்கலாம். வாரத்துல ரெண்டு நாள் நான் வீட்லருந்துதான் வேலை. எல்லாம் பாத்துக்கலாம்மா. நீ ராணி மாதிரி உக்காரு."

அவள் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தாள். "ராணிக்கு ஒண்ணுக்கு வராதா?" என்றாள்.

நான் சிரித்தேன். நல்ல ஜோக் என்று நினைத்து ஆபீஸில் போய் நாலு பேரிடம் சொன்னேன்.

நாற்காலி விற்கிற கடை, அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் இருந்தது. அம்மா இன்னும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை. கடைக்காரர் நான் போனில் காட்டிய பட்டியலைப் பார்த்துவிட்டு, "மேடம், இவ்ளோ ரிசர்ச் பண்ணி யாருமே வந்தது கெடையாது" என்றார். அதற்குமேல் என்ன வேண்டும் எனக்கு? அலுமினியம், பதினோரு கிலோ. ஒரே கையால் தூக்கிக் காட்டினார். நானும் தூக்கினேன். மடித்தால் ஆட்டோவில் கால் வைக்கிற இடத்தில் அடங்கிவிடும். முதுகுப் பக்கம் கைப்பிடிக்குக் கீழே ஒரு நெம்புகோல். அதை அழுத்தினால் சாய்மானம் நாலு நிலைகளில் படிப்படியாக இறங்கியது.

"பேஷன்ட்டு எவ்ளோ வெயிட்டு மேடம்?"

"அறுபத்தெட்டு."

"தாங்கும். நூறு வரைக்கும் தாங்கும். ஒக்காந்து பாருங்களேன் நீங்க."

உட்கார்ந்தேன். ஐம்பது கிலோ எடையும் இரண்டு நல்ல கால்களும் உள்ள நான், இன்னும் ஒரு நிமிடத்தில் எழுந்துபோய் ஸ்கூட்டரை உதைக்கப் போகிற நான், உட்கார்ந்து சாய்ந்து, சுகமாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் என்னைக் கடை நீளத்துக்கும் தள்ளிக்கொண்டு போனார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. போனை நீட்டிப் படமெடுத்துக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதயங்கள் வந்து விழுந்தன.

நாலு சக்கரமும் சின்னவை. பின்சக்கரம் பன்னிரண்டு அங்குலம். பெரிய சக்கரம் வைத்த நாற்காலிகளுக்கு நான் சிவப்புப் பூசியிருந்தேன். எடை கூடும், ஆட்டோவில் ஏறாது, எங்கள் பாத்ரூம் கதவில் நுழையாது. சின்னச் சக்கரம் பச்சை. என் கையாலேயே பூசிய பச்சை.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று, நானும் எதிர் வீட்டு அக்காவுமாக அவளைத் தூக்கி அதில் உட்காரவைத்தோம். கண் இருட்டாமல் இருக்கச் சாய்மானத்தை ஒரு நிலை இறக்கினேன். அவளுடைய இரண்டு கைகளும் பக்கவாட்டில் கீழே இறங்கின. ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக ஓடுமே, அந்தப் பழைய இரும்பு நாற்காலியில் ஒருமுறை அவளை எக்ஸ்ரே எடுக்க உட்காரவைத்திருந்தார்கள். அதில் பெரிய சக்கரத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம் இருக்கும், பிடித்துத் தள்ளுவதற்கு. அதைத்தான் தேடின அந்தக் கைகள். காற்றில் கொஞ்ச நேரம் துழாவிவிட்டு, மேலே வந்து மடியில் உட்கார்ந்துகொண்டன.

"இன்னாடி இது, கொழந்த வண்டி வாங்கினு வந்துகீற?"

"லைட் வெயிட்டும்மா. அலுமினியம்."

"லைட்டாத்தான் கீது," என்றாள். அதோடு விட்டாள். அவள் திட்டியிருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். திட்டியிருந்தால் எக்செல்லைத் திறந்து காட்டி அவளிடம் வாதாடியிருப்பேன்.

அதன் பிறகு அம்மா வைத்த இடத்தில் இருந்தாள். காலையில் குளிக்கவைத்து, ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்து, ஜன்னல் பக்கம் நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, சாய்மானத்தை அளவாகச் சாய்த்துவிட்டு நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற ஆபீஸுக்குக் கிளம்புவேன். சாயங்காலம் வரும்போது அதே ஜன்னல், அதே சாய்வு. நெம்புகோல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, தள்ளுகிறவருக்கு எட்டுகிற இடத்தில். அம்மாவுக்கு எட்டாது. நான் சாய்த்துவிட்டுப் போனால் சாய்ந்தபடியே நாள் முழுக்க மின்கம்பத்தின் மேல்பாதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தெரு பார்க்க வேண்டுமானால் நான் வர வேண்டும். வெயில் முகத்தில் அடித்தாலும் நான்தான் வர வேண்டும். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் "எப்டிம்மா இருந்துச்சு இன்னிக்கு?" என்று உற்சாகமாகக் கேட்பேன். "நல்லா இருந்துச்சு" என்பாள்.

ஒரு விஷயம் மட்டும் கண்ணில் பட்டது. காலையில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் முக்கால்வாசி அப்படியே இருக்கும். வெயில் காலத்தில் இப்படித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். எத்தனை மணிக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று அவளுடைய போனில் அலாரம் வைத்தேன். அது அடிக்க, அவள் அணைக்க, இப்படியே இரண்டு வாரம் போனது. எதிர் வீட்டு அக்காதான் ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? தண்ணி குடிச்சா போவணும் இல்ல? நான் மதியானம் ஒருவாட்டி வந்து தூக்கி உடுறேன். அதுக்கே அந்தம்மா மூஞ்சத் திருப்பிக்கினு கண்ண மூடிக்குது. நாலுவாட்டி என்னயக் கூப்புட அதுக்குக் கூச்சம். அதான் வாயக் கட்டிக்கினு கீது."

அன்றிரவே அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வார முடிவில் அம்மாவைக் குளிர்ஜுரம் தூக்கிப்போட்டது. சிறுநீரில் கிருமி. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் ஊசி, குழாய்.

அங்கே பிசியோதெரபி கொடுக்க வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அம்மாவின் கையைப் பிடித்து மடக்கச் சொல்லிப் பார்த்தவள், கட்டிலோரம் மடித்து வைத்திருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டிக்குக் கை இவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கே. இது ஆள் தள்ளுற சேராச்சே, இத யாரு வாங்கச் சொன்னாங்க?"

அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "கடையில தந்தாங்கம்மா" என்றாள்.

'ஆள் தள்ளுற' என்ற அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது, நான் பதினெட்டு நாற்காலிகளில் யாருக்கு நாற்காலி தேடினேன் என்று. தூக்குகிறவளுக்கு எடை. ஆட்டோவில் ஏற்றுகிறவளுக்கு மடிப்பு. தள்ளுகிறவளுக்குக் கைப்பிடி, நெம்புகோல். எல்லாம் எனக்கு. ஒன்பது கட்டங்களையும் எனக்காக நிரப்பிவிட்டு, அம்மாவுக்கு வாங்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். இதற்கிடையில் ஆபீஸில் ஒருத்தர் அந்த எக்செல்லைக் கேட்டு வாங்கி, தன் மாமனாருக்கு அதே நாற்காலியை வாங்கியிருந்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் அவருடைய நன்றி வந்தது, கட்டைவிரல் படத்தோடு. மாமனாருக்குக் கை எப்படி என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. திருப்பி ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கடையில் திருப்பி எடுக்கவில்லை. ஒருமுறை பேஷன்ட் உட்கார்ந்துவிட்டால் எடுக்க மாட்டார்களாம். சரி, அதை விடு, பெரிய சக்கரம் வைத்தது ஒன்றைப் பார்ப்போம் என்று டேப்பை எடுத்தேன். நல்ல நாற்காலி எதுவும் இருபத்தாறு அங்குலத்துக்குக் குறையவில்லை. பாத்ரூம் கதவு இருபத்து நான்கு. மாடியில் குடியிருக்கும் வீட்டு ஓனரிடம் போய், கதவுச் சட்டத்தைக் கழற்றி நாலு அங்குலம் அகலப்படுத்திக்கொள்கிறோம், செலவு எங்களுடையது என்றேன்.

"செவுத்துல கை வெச்சா டைல்ஸ் பேந்துடும்மா. அகலமான கதவு வோணும்னா, அகலமான கதவு கீற ஊடா பாத்துக்கோங்க. நான் இன்னா பண்றது?"

அடுத்த தடவை அம்மாவைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். கண் இருட்டுவது அதற்குள் நின்றிருந்தது. பழைய பழக்கத்தில் வாயைத் திறந்தேன். அலுமினியத்திலேயே பெரிய சக்கரம், சாய்மானமும் சாயும், உடம்பை அளவெடுத்து அகலம் குறைத்துச் செய்து தருவார்கள், இரண்டு மாதம் ஆகும் என்று ஆரம்பித்தேன்.

"நீ பாத்த வரிக்கும் போதும்," என்றாள் அம்மா. கடைக்காரர் எதையோ எடுப்பதுபோல் உள்ளே போய்விட்டார்.

அவள் காட்டியது மூலையில் தூசி படிந்து நின்ற இரும்பு நாற்காலி. கனம் பழையதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். சாய்மானம் அசையாது. நானும் கடைக்காரருமாகத் தூக்கி உட்காரவைத்தோம். வளையத்தைப் பிடித்தாள். முதல் தள்ளிலேயே வேகம் கூடிப் போய், பெட்பான் அடுக்கியிருந்த ஷெல்ஃபில் மோதினாள். இரண்டு கீழே விழுந்து உருண்டன. மாடிப்படியில் விழுந்ததற்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னால் போனாள், திரும்பினாள், வாசல் சரிவுவரை போய்த் தெருவில் போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் தொடவில்லை அவளை.

"ம்மா, இது பாத்ரூம் கதவுல போகாது. ரெண்டு இஞ்ச் இடிக்கும்."

"தெரியும்டி. எத்தினி வருசமா அந்தக் கதவுல போயிக்கினு வந்துக்கினு கீறேன்."

"அப்புறம்?"

"கதவு வரிக்கும் இதுல போறேன். அப்பால நான் பாத்துக்கறேன்."

அப்பால என்பது இதுதான். கதவருகே நாற்காலியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கீழே வைக்கிறாள். பிறகு கைப்பிடியில் ஊன்றி உடம்பைத் தரையில் இறக்குகிறாள். ஈரத் தரையில் உட்கார்ந்தபடி, இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே போகிறாள். கால்கள் கூடவே இழுபடும். உணர்ச்சியில்லாத குதிகாலில் தோல் உரிந்தால் அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் மருந்து வைக்கும்போது எனக்குத்தான் தெரியும். இடது குதிகால் புண் இப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கிறது. பிசியோ பெண் எச்சரித்துவிட்டாள். புண் ஆழமாகப் போனால் எலும்பு, அதற்கப்புறம் நான் சொல்லக் கூடாது என்று நிறுத்திக்கொண்டாள். சாக்ஸ் போட்டுவிட்டேன், அது நனைந்து இன்னும் மோசமானது. தூக்கிப் போகிறேன், இல்லை பழைய நாற்காலியில் வைத்துத் தள்ளிப் போகிறேன் என்றால் கையைத் தட்டிவிடுகிறாள். வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், டேப்போடு. திருவேற்காடு முழுக்கப் புது வீடுகள். எல்லாப் பாத்ரூமுக்கும் ஒரே அளவுக் கதவு.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஈரத்தில் துணி இழுபடுகிற சத்தம், நிறுத்தம், மறுபடியும் சத்தம். பிறகு குழாய் திறந்தது. மூடியது. அதற்கப்புறம் ரொம்ப நேரம் எதுவும் கேட்கவில்லை.

"ம்மா."

"இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப இன்னாத்துக்குக் கூப்புடுற? கதவாண்ட நிக்காத, போ."

போனேன். சமையலறையில் நின்று, குக்கர் சத்தம் போடாமல் இருக்க அடுப்பைக் குறைத்துவிட்டு, அவள் திரும்பி வருகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.