மூன்றாம் கம்பெனிக்கு ஐந்து மார்க்

எங்கள் அலுவலகத்தில் மூணக்கா என்று ஒருவர் இருக்கிறார். வீட்டில் மூன்றாவதாகப் பிறந்ததால் வந்த பெயர் அல்ல. எதைக் கேட்டாலும் மூன்று மார்க்தான் போடுவார் என்பதால் வந்த பெயர்.

செல்போன் கம்பெனிகளை ஒப்பிடுவதுதான் எங்கள் தொழில். ஊரில் மொத்தம் மூன்று கம்பெனிகள். எது எங்கெங்கே எடுக்கிறது, எதில் குரல் நன்றாகக் கேட்கிறது, எதில் கொடுத்த காசு வீண் போகாது என்று பார்த்து வருஷத்துக்கொரு முறை ஒரு புத்தகம் போடுவோம். ஜனங்கள் அதை அக்கறையாகப் படித்துவிட்டு, மச்சான் எதை வைத்திருக்கிறானோ அதையே போய் வாங்குவார்கள்.

சிக்னல் பார்ப்பது நான். காரின் முகப்பில் மூன்று கம்பெனி போன்களையும் வரிசையாக மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக ஓட்டுவேன். எந்த இடத்தில் எது செத்துப்போகிறது என்பது வரைபடத்தில் பதிவாகும். விலை பார்ப்பவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கம்பெனிகள் பொடி எழுத்தில் போடும் நிபந்தனைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார், பிறகு வாய்க்கு வந்தபடி திட்டுவார். குரல் பார்ப்பவர்கள் ஐந்து பேர். அவர்களுக்கு ஏசி அறை, மெத்தை நாற்காலி, காதில் ஹெட்போன். நான் வெயிலில் காய்ந்து கருவாடாக வந்து நின்றால், "கேட்டுக் கேட்டு ஒரே தலைவலி தம்பி" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்கள் செய்வது இவ்வளவுதான். ஊரின் ஏதோ ஒரு சந்துபொந்திலிருந்து ஒருவர் போனில் வாக்கியங்களைப் படிப்பார். இந்த முனையில் அது பதிவாகும். ஐவரும் தனித்தனியே கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும். அந்த வாக்கியங்களுக்கு அர்த்தம் இருக்கும், அவசியம் இருக்காது. 'தபால்காரர் ஏணியைச் சுவரில் சாய்த்தார்.' 'நீலக் குடையை யாரும் கேட்கவில்லை.' படிப்பவரும் கேட்பவரும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது எங்கள் முதல் விதி.

மூணக்கா இங்கே வருவதற்கு முன் ஒரு சலவைக் கடையில் துணி வாங்கி அடையாளச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தார். கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மகள் நர்ஸுக்குப் படிக்கிறாள். சங்கீதம் கற்றவர்கள், ரேடியோக்காரர்கள் வேண்டாம், சாதாரணக் காதுதான் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தோம். டாக்டர் இவர் காதைச் சோதித்துவிட்டு 'முற்றிலும் சராசரி' என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்றிதழை அக்கா பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். "கூடவே வாயையும் காட்டிட்டு வந்திருக்கலாமே" என்று வீட்டுக்காரர் கேட்டாராம்.

"வீட்டுல நான் என்ன நினைக்கிறேன்னு யாரு தம்பி கேக்குறா?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "இங்க கேக்குறாங்க, அதை எழுதியும் வெச்சுக்கிறாங்க." அந்த நாற்காலியில் அவர் உட்காரும் தோரணையைப் பார்த்தால் நீதிபதி தோற்றார். ஐந்து மார்க் என்றால் ஆள் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த அளவு. அப்படி ஒரு போன் இன்னும் பிறக்கவில்லை என்று எல்லோருக்கும் மூன்று போட்டுவிடுவார்.

அப்படிப்பட்டவர் இந்த வருஷம் ஐந்து போட ஆரம்பித்தார். அதுவும் மூன்றாம் கம்பெனிக்கு.

மூன்றாம் கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விலை மலிவு. அதன் நல்ல குணங்கள் அத்தோடு முடிந்தன. மற்ற நான்கு பேரும் ஒன்று போட்ட இடத்தில் அக்கா ஐந்து போட்டிருந்தார். ஒருமுறை என்றால் கை தவறியது எனலாம். அது தொடர்ந்தது. அதனால் மேடம் அவரைக் கூப்பிட்டார். மேடம் என்பவர் எங்கள் மேலாளர், சின்ன வயசு, கறார், ஆனால் நியாயஸ்தி. வரைபடத்தைக் கொடுக்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கம்பெனிக்காரங்க யாராவது உங்களைப் பாத்தாங்களா?"

மூணக்காவின் முகம் சுண்டிப்போனது. "கேட்டுச்சு. போட்டேன்" என்றார்.

மேடம் ஒரு பதிவை ஓடவிட்டார். எனக்குக் கேட்டதெல்லாம் யாரோ சரளைக் கல்லை வாயில் போட்டுக் கொப்பளிக்கிற சத்தம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "தோட்டக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்" என்றார். தாளைப் பார்த்தோம். அதேதான்.

"வாக்கியங்களை யாரோ உங்களுக்குக் கொடுத்திருக்கணும்" என்றார் மேடம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கடைசியில், புதிதாகப் பத்து வாக்கியம் எழுதி, இருப்பதிலேயே மோசமான இடத்திலிருந்து நேரடியாகப் படிக்க வைப்பது என்று முடிவானது. ஒன்று தவறினாலும் அக்காவின் நாற்காலி போய்விடும்.

டீ மெஷின் பக்கத்தில் அவரைப் பிடித்தேன்.

"அது எங்க அண்ணன் குரல் தம்பி" என்றார்.

அண்ணனை எனக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவர். எங்களுக்கு மூன்றாம் கம்பெனி போனில் வாக்கியம் படிக்க இந்த வருஷம்தான் வந்து சேர்ந்தார். என் காரில்தான் கூட்டிப்போவேன். "சற்று நேரத்தில் இடது பக்கம் திரும்ப வேண்டும்" என்று காரிலும் அறிவிப்பார்.

"அதை மேடம்கிட்ட சொல்லுங்க. பிரச்சனை தீந்துச்சு."

"அவனை அண்ணன்னு சொல்லி என் வேலையைக் காப்பாத்திக்கணுமா? போனாப் போகுது." கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டது. "அப்பாவுக்கு மூச்சுத் திணறல்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. அண்ணன் எனக்கு போன் மேல போன் போட்டிருக்கான். எனக்கு ஒரு மணிகூட அடிக்கல. கடைசியில யாரோ நேர்ல வந்து சொல்லி நான் ஓடிப்போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. அத்தனை பேர் முன்னாடி என்னைக் கேட்டான், தொல்லை வேணாம்னுதானே நீ போனை அணைச்சு வெச்சிருந்தேன்னு. நான் அணைப்பேனா தம்பி? எங்கப்பா அது!"

அன்றைக்கு நின்ற பேச்சு. ஆறு வருஷமாகிறது.

"அப்ப எந்தக் கம்பெனி வெச்சிருந்தீங்க?"

"மூணாவதுதான். இப்பதான் பொண்ணு மாத்திவிட்டா."

எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னார். குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் பள்ளத் தெரு. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அக்கா, அந்தத் தெருவுல மூணாம் கம்பெனி எடுக்கவே எடுக்காது. நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து வரைபடத்துல அந்த இடம் ஓட்டை."

"அது எனக்குத் தெரியாதா? அவனுக்குல்ல தெரியணும்!"

"நீங்க சொல்லலாமே."

"பழி போட்டது அவன். நான் போய் விளக்கம் கொடுக்கணுமா? நீயும் அவன்கிட்ட வாயைத் திறக்காதே."

சரி என்றேன். சத்தியம் எதுவும் வாங்கவில்லை.

பரிசோதனை நாளன்று அண்ணனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். போக வேண்டிய இடம் ஒரு பெரிய கடையின் அடித்தளக் கார் நிறுத்தம். நேராகப் போனால் பக்கம். நான் சுற்றிக்கொண்டு அந்தப் பள்ளத் தெருவுக்குள் வண்டியை விட்டேன். விதியாவது ஒன்றாவது.

தெருவுக்குள் நுழைந்ததும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா வீட்டு வாசலில், அவர்கள் கொடியில் காயப்போட்டிருந்த துணிக்கு நேரே காரை நிறுத்தினேன். முகப்பில் இருந்த மூன்று போன்களில் இரண்டு உயிரோடு இருந்தன. மூன்றாவதில் ஒரு கோடுகூட இல்லை.

"இங்க ஏன் நிறுத்துறீங்க?" என்றார் அண்ணன். அறிவிப்புக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"முதல் போன்லேருந்து அந்த மூணாவது போனுக்கு கால் போட்டுப் பாருங்க சார்."

போட்டார். எதிர்முனைக்காரர் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. போன் அவர் மூக்குக்கு முன்னால், விளக்கெரிய உட்கார்ந்திருந்தது. மறுபடி போட்டார். அதே பெண், அதே இனிமை.

"யாரும் அணைக்கல சார்" என்றேன். "இங்க எப்பவுமே இப்படித்தான். எங்களுக்கு மார்க் போடுற அக்கா ஒருத்தர் இந்த வீட்டுலதான் இருக்காங்க. இன்னிக்கு நீங்க படிக்கப்போறதை அவங்கதான் கேக்குறாங்க. ஒரு வார்த்தை தப்பாச் சொன்னாலும் அவங்களுக்கு வேலை இல்ல."

அவர் அந்த போனை முகப்பிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தார். "குடும்பத்துக்கே அந்தக் கம்பெனியை வாங்கிக்கொடுத்தது நான்தான்" என்றார். "மலிவுன்னு. அவ வேண்டாம்னுதான் சொன்னா." அதன்பின் அடித்தளம் வரும்வரை எந்தத் திருப்பத்தையும் அறிவிக்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்து, பாவமாக இருந்தது.

ஏற்பாடு இதுதான். அண்ணன் மூன்றாம் கம்பெனி போனில் படிக்க வேண்டும். அலுவலகத்தில் அக்காவும் மேடமும் அதை ஹெட்போனில் கேட்பார்கள். அவர்கள் சொல்வது முதல் கம்பெனி போன் வழியாக எனக்கு வரும். போனைக் காதோடு வைத்துக்கொள் என்பது மேடத்தின் உத்தரவு. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

அண்ணன் தாளைப் பிரித்தார். "மாடிப்படியில் இரண்டு பூட்டுகள் கிடந்தன."

"மாடிப்படியில் இரண்டு பூட்டுகள் கிடந்தன" என்றது அக்காவின் குரல், காருக்குள் கணீரென்று. "அஞ்சு."

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்ட அண்ணன் தாளை மடியில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு படித்தார். மருந்துக்கடைக்காரர் விசிலை மறந்துவிட்டார். வெள்ளைப் பூனை வாளியைத் தாண்டவில்லை. படிக்கப் படிக்க அங்கிருந்து அப்படியே திரும்பி வந்தது. "எனக்கு ஒரு எழவும் கேக்கலையே" என்று மேடம் வாய்விட்டுச் சொன்னதும் வந்தது. பத்தாவதும் சரியாக வந்தபோது மேடம், "அக்கா, மன்னிச்சிருங்க. உங்க சீட்டு உங்களுக்குத்தான். ஆனா எப்படின்னுதான் எனக்குப் புரியல" என்றார்.

"கேட்டுச்சு. சொன்னேன்" என்றார் அக்கா. நான் காரைக் கிளப்பப் போனேன்.

அண்ணன் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மூன்றாம் கம்பெனி போனை வாயருகே கொண்டுபோய், அறிவிப்புக்காரரைப்போல இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: "நீ போனை அணைச்சு வைக்கலம்மா. தப்பு என் மேலதான்."



"என்னமோ இன்னொரு தடவை கரகரன்னுச்சே" என்றார் மேடம். "தாள்ல பத்துதான் இருக்கு. உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா அக்கா?"

முதல் கம்பெனியின் தரம் அப்படி. அக்கா மூக்கை உறிஞ்சுவதும், விசும்பலை அடக்குவதும், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பதும்கூட என் காரில் தெளிவாகக் கேட்டது.

"ஒரு மார்க்" என்றார் அக்கா. "சுத்தமா கேக்கல மேடம். இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."