ரேடியேட்டருக்கு உப்பளத்துத் தண்ணீர்

குலசேகரன்பட்டினத்தில் டாக்ஸி ஓட்டுகிறேன். சங்கு குளித்த ஒருவர் காதில் ரத்தம் வழிய மயங்கிவிட, தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். அவர் மனைவியும், தாங்கிப் பிடிக்க என் மெக்கானிக்கும் வந்தார்கள். ஆறுமுகநேரியில் என்ஜின் நின்றது. ரேடியேட்டர் குழாய் ஒழுகி, பிளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முழுக்க உப்புத் தண்ணீர்.

“கெளம்புற அவசரத்துக்கு ரேடியேட்டருல உப்பளத்துத் தண்ணிய ஊத்துனேன் அண்ணாச்சி. எல்லாம் தண்ணிதான?” என்றான் மெக்கானிக்.

“ஏலே, அப்ப உன் வீட்டுக் கொழம்புக்கும் அதையே ஊத்தச் சொல்லுலே!” என்று கையை ஓங்கிவிட்டேன்.

“சண்டைய பொறவு வையுங்க, இவரு மூச்சு அடங்குது!” என்று அலறிய அந்த அம்மாள், குடிதண்ணீர்ச் செம்பை நீட்டினார். அந்தத் தண்ணீரில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழுவித் துடைத்து, குழாயைத் துணியால் இறுக்கிக் கட்டியதும் வண்டி கிளம்பியது. சங்கு குளித்தவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இப்போதெல்லாம் யார் தண்ணீர் கொண்டுவந்தாலும், நான் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் ரேடியேட்டருக்கு.